ஏழாம் அத்தியாயம்: கம்ப்ரசரின் கசிவுக் கணக்கு

சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசரில் தேயக்கூடிய பாகம் மிகக் குறைவு. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, ரிங் இல்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் ரோட்டர் மிதந்தபடி சுற்றுகிறது. ஓட்டத்தில் இரும்பும் இரும்பும் எங்கேயும் தொடுவதில்லை. அமோனியா ஆலைகளிலும் ரிஃபைனரிகளிலும் இதை மூன்று, நான்கு வருடம் நிறுத்தாமல் ஓட்ட முடிவது அதனால்தான். ஆனால் தொடாமல் சுற்ற வேண்டுமானால் இடைவெளி விட்டாக வேண்டும். இடைவெளி விட்டால் வாயு அதன் வழியே நழுவத்தான் செய்யும். அமுக்கிய வாயுவில் எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, அதற்கு எத்தனை கிலோவாட் வீணாகிறது என்பதுதான் இந்த அத்தியாயம். சீல், சோதனை, செயல்திறன் மூன்றையும் தனித்தனி அத்தியாயமாக்கும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீல் தேய்ந்தால் செயல்திறன் விழும். விழுந்தது எவ்வளவு என்று சொல்ல, புதிதாக இருந்தபோது எடுத்த சோதனை அளவு வேண்டும். மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகள்.

படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மதுரைப் பக்கத்துக்காரர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதூர் ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, வண்டியூரிலோ கப்பலூரிலோ இருந்துகொண்டு மில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் பார்ப்பது ஏர் கம்ப்ரசர்: ஒரு கியர்பாக்ஸைச் சுற்றி இரண்டோ மூன்றோ இம்பெல்லர், ஏழெட்டு பார் அழுத்தத்தில் எண்ணெய் கலக்காத காற்று. இன்னொரு வகையினர் தூத்துக்குடி, மணலி, அல்லது நேரே ஜுபைல், ருவைஸ் என்று போகிறவர்கள். அவர்கள் பார்ப்பது கிடைமட்டமாகப் படுத்திருக்கும் பெரிய கேசிங். உள்ளே ஹைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ ஹைட்ரோகார்பனோ இருக்கும். முதல் வகையினருக்குக் கசிவு என்பது கரண்ட் பில். இரண்டாம் வகையினருக்கு அது தீ.

இங்கிருந்து எட்டக்கூடிய பெரிய உதாரணம் தூத்துக்குடி ஸ்பிக். 1969-இல் தொடங்கிய நிறுவனம். உர உற்பத்தி 1975-இல். நெடுங்காலம் நாப்தாவை மூலப்பொருளாகக் கொண்டு ஓடிய ஆலை, 2021-இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வருடம் பிப்ரவரி 17-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாயின் நீளம் 143 கிலோமீட்டர். எண்ணூரில் தொடங்கும் அந்தக் குழாய்த் திட்டத்தின் நீண்ட பெயரில் மதுரையும் இருக்கிறது. மூலப்பொருள் மாறினால் கம்ப்ரசருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். இப்போதைக்கு ஒன்று: அமோனியா–யூரியா ஆலை என்றால் பொதுவாகக் காற்று, சின்காஸ் (ஹைட்ரஜன்–நைட்ரஜன் கலவை), அமோனியா, கார்பன் டை ஆக்சைடு என்று நான்கு விதமான வாயுக்களை அமுக்க வேண்டியிருக்கும். நான்குக்கும் ஒரே சீல் பொருந்தாது.

லேபிரிந்த்

ஏறத்தாழ எல்லா சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசரிலும், எந்த வயதினதாக இருந்தாலும், உள்ளே லேபிரிந்த் சீல் இருக்கும். பெரிய கேசிங் எந்திரத்தில் இம்பெல்லர் வாயில் ஒன்று, இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே ஷாஃப்டில் ஒன்று, பேலன்ஸ் பிஸ்டனில் நீளமாக ஒன்று. வரிசையாகக் கூர்மையான பற்கள், நடுவே சிறு அறைகள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் வாயு வேகமெடுக்கிறது. அடுத்த அறைக்குள் விழுந்து அந்த வேகத்தைச் சுழலாகச் சிதறடிக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அழகர் வண்டியூருக்கு வருகிற நாளில் போலீஸ் வரிசையாகப் போடும் தடுப்புக் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள்: கூட்டத்தை எந்தக் கட்டையும் நிறுத்துவதில்லை, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேகம் போய்விடுகிறது. லேபிரிந்தும் கசிவை நிறுத்தாது, குறைக்கத்தான் செய்யும். அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கசிவு இடைவெளிக்கு நேர்விகிதம். வரைபடத்தில் விட்டக் கணக்கில் 0.3 மில்லிமீட்டர் என்று இருந்து, திறந்து பார்க்கும்போது 0.6 இருந்தால், கசிவு ஏறத்தாழ இருமடங்கு. பற்களின் எண்ணிக்கை அவ்வளவு உதவாது. கசிவைப் பாதியாக்க வேண்டுமானால் பற்களைக் கிட்டத்தட்ட நான்கு மடங்காக்க வேண்டியிருக்கும். ஆகவே இடைவெளிதான் முக்கியம். அதைவிட அதிகமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுவது பல்லின் நுனி. கூர்மையான நுனியைத் தாண்டும் வாயு சுருங்கிக் குறுகிய ஓடையாகப் போகும். நுனி உருண்டுவிட்டால் அந்தச் சுருக்கம் போய்விடும். ஃபீலர் கேஜில் அதே 0.3 காட்டும், கசிவு மட்டும் கூடியிருக்கும். ஓவர்ஹாலில் பிசிறு எடுக்கிறேன் என்று எமரித் தாளை வைத்து நுனிகளை மழுங்கடிக்கும் பழக்கம் நம் ஃபிட்டர்களிடம் உண்டு. பிசிறை எடுங்கள், நுனியைத் தொடாதீர்கள். மழுங்கிய லேபிரிந்தை, இடைவெளி சரியாக இருந்தாலும், மாற்ற வேண்டியதாகவே எழுதுங்கள்.

இடைவெளி எடுக்கும் முறையிலும் ஒரு கவனம். ஃபீலரைப் பக்கவாட்டில் மட்டும் விட்டுப் பார்த்துக் கணக்கு முடிப்பார்கள். ரோட்டர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது கீழே நெருங்கியும் மேலே விலகியும் இருக்கும். கீழ்ப் பாதியில் ஈயக் கம்பி வைத்தோ, ரோட்டரைத் தூக்கி இறக்கி டயல் வைத்தோ மேல்–கீழ் அளவையும் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் உராய்ந்திருக்கிறது என்பது இடைவெளியைவிட அதிகம் சொல்லும். ஒரே இடத்தில் மட்டும் பளபளப்பு என்றால் அலைன்மென்ட்டையோ கேசிங் முறுக்கலையோ தேடுங்கள். சுற்றிலும் சமமாக உராய்ந்திருந்தால் எந்திரம் ஒரு நாள் சர்ஜ் ஆகியிருக்கிறது (வாயு பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது) அல்லது கிரிட்டிக்கல் வேகத்தில் நின்றிருக்கிறது. லாக் புத்தகத்தில் அந்த நாள் எழுதப்பட்டிருக்காது. எழுதியிருந்தால்தான் ஆச்சரியம்.

பேலன்ஸ் பிஸ்டன்

லேபிரிந்த்களிலேயே அதிகம் விலை கேட்பது இதுதான். இம்பெல்லர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால், அழுத்த வேறுபாடு ரோட்டர் முழுவதையும் சக்ஷன் பக்கம் தள்ளும். அதைத் தாங்கக் கடைசி இம்பெல்லருக்குப் பின்னால் ஒரு உருளை; அதன் ஒரு பக்கம் டிஸ்சார்ஜ் அழுத்தம், மறு பக்கம் ஒரு குழாய் வழியே சக்ஷனோடு இணைப்பு. முழு அழுத்த வேறுபாடும் அந்த ஒரு லேபிரிந்தின் மேல் விழுகிறது.

அது தேயும்போது என்ன நடக்கிறது என்பதை ஒழுங்காகப் பின்தொடருங்கள். அதிக வாயு பேலன்ஸ் குழாய்க்குள் வருகிறது. குழாயின் உராய்வால் உருளைக்குப் பின்னாலுள்ள அழுத்தம் கூடுகிறது. உருளையின் எதிர்த்தள்ளல் குறைகிறது. மிச்சத் தள்ளலைத் த்ரஸ்ட் பேரிங் வாங்கிக்கொள்கிறது. பேட் வெப்பநிலை நாலு டிகிரி, ஐந்து டிகிரி என்று ஏறுகிறது. இன்னொரு பக்கம், அமுக்கிச் சூடான வாயு சக்ஷனுக்குத் திரும்புகிறது. முதல் இம்பெல்லருக்குள் நுழையும் வாயு சூடாகிறது. அதே வேலைக்கு அதிகப் பவர் வேண்டியிருக்கிறது. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை தொடர்பில்லாத மூன்று அலாரங்கள். ஒருவர் லூப் ஆயில் கூலரைச் சுத்தம் செய்யச் சொல்வார், இன்னொருவர் கவர்னரைச் சந்தேகிப்பார்.

மருந்து எளியது. பேலன்ஸ் குழாய்க்கும் சக்ஷனுக்கும் இடையே ஒரு டிஃபரன்ஷியல் கேஜ். ஓவர்ஹால் முடிந்து எந்திரம் நிலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அதன் அளவை, அப்போதைய வேகத்தோடும் டிஸ்சார்ஜ் அழுத்தத்தோடும் சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. அந்தப் புள்ளி ஏறிக்கொண்டே போனால் கேசிங்கைத் திறக்காமலே உள்ளே தெரியும். பல எந்திரங்களில் இதற்கான டேப்பிங் இருக்கிறது, பிளக் போட்டு மூடப்பட்டு.

வெளியே போகாமல் தடுப்பது

ஷாஃப்ட் கேசிங்கைவிட்டு வெளியே வருகிற இரண்டு முனையிலும் நிலைமை வேறு. காற்று என்றால் லேபிரிந்தோ கார்பன் ரிங்கோ போதும். கொஞ்சம் போனால் போகட்டும். ஹைட்ரஜன் போகக் கூடாது.

1970-களில் கட்டப்பட்ட உர ஆலைகளிலும் ரிஃபைனரிகளிலும் எண்ணெய் சீல்தான் வழக்கம். ஷாஃப்டைச் சுற்றி மிதக்கும் இரண்டு வளையம், நடுவே வாயுவின் அழுத்தத்தைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் எண்ணெய். அந்தச் சற்றே அதிகத்தை நிலையாக வைக்க, எந்திரத்துக்கு மேலே நாலைந்து மீட்டர் உயரத்தில் ஒரு டேங்க்: அந்த உயரம் தரும் 0.35 முதல் 0.4 பார்தான் வாயுவை உள்ளே நிறுத்துகிறது. பம்ப் டிரிப் ஆனாலும் டேங்கில் இருக்கும் எண்ணெய் எந்திரம் நின்று அழுத்தம் இறங்கும்வரை காப்பாற்றும். கருத்து அழகானது, பராமரிப்பு அழுக்கானது. வாயுவைத் தொட்ட எண்ணெய் டிராப்புக்குப் போய், அங்கிருந்து வாயு நீக்கும் டேங்குக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதில் ஒரு பகுதி வாயுவோடு கலந்து உள்ளேயும் போகும். அமோனியா கன்வெர்ட்டர் கேட்டலிஸ்ட்டுக்கு எண்ணெய் ஆகாது.

அதனால்தான் உலர் வாயு சீல் வந்தபோது ஆலைகள் பழைய எந்திரங்களிலும் அதை மாற்றிப் பொருத்தின. இரண்டு தட்டையான வளையங்கள் முகம் பார்த்து நிற்கின்றன. சுற்றும் வளையம் சிலிக்கான் கார்பைடு அல்லது டங்ஸ்டன் கார்பைடு. அதன் முகத்தில் சில மைக்ரான் ஆழத்துக்குச் சுருள் பள்ளங்கள். நிற்கும் வளையம் பெரும்பாலும் கார்பன், பின்னால் ஸ்பிரிங். எந்திரம் சுற்றத் தொடங்கியதும் பள்ளங்கள் வாயுவை உள்நோக்கி இழுத்து அழுத்த, வளையங்கள் 3 முதல் 5 மைக்ரான் வரை விலகி மிதக்கின்றன. கசிவு மிகச் சொற்பம், உராய்வு இல்லை, எண்ணெய் இல்லை. எரியும் வாயுவுக்கு இரண்டு சீல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவே ஒரு லேபிரிந்தையும் நைட்ரஜனையும் கொடுப்பது வழக்கம். முதல் சீலின் கசிவு ஃபிளேருக்கு, இரண்டாவதன் கசிவு பாதுகாப்பான வெளிக்கு. அதற்கும் அப்பால், பேரிங் எண்ணெய் சீலுக்குள் வராமல் தடுக்க நைட்ரஜன் ஊட்டிய இன்னொரு தடுப்பு.

மூன்று மைக்ரான் இடைவெளியில் ஓடும் பொருளுக்கு எதிரிகள் யார் என்று யோசித்தாலே பராமரிப்பு புரிந்துவிடும். முதல் எதிரி ஈரம். தூசிக்கு ஃபில்டர் இருக்கிறது. அதன் டிஃபரன்ஷியல் ஏறினால் மாற்றிவிடுவார்கள். திரவம் ஃபில்டரைத் தாண்டிய பிறகுதான் பிறக்கிறது. டிஸ்சார்ஜிலிருந்து எடுத்த சீல் வாயு கண்ட்ரோல் வால்விலும் சீல் முகத்திலும் அழுத்தம் இழக்கும்போது குளிர்கிறது. குளிர்ந்தால் அதிலுள்ள கன ஹைட்ரோகார்பன் துளியாகிறது. துளி முகத்துக்குள் போனால் கார்பன் வளையம் நொறுங்கும். சீல் வாயு தன் பாதை முழுவதும் டியூ பாயிண்ட்டைவிடக் குறைந்தது 20 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்று ஏபிஐ தரநிலை கேட்பது இதற்காகவே. உலர் வாயு சீல் அமைப்புகளுக்கென்றே ஏபிஐ 692 என்ற தனித் தரநிலை 2018-இல் வந்தது. அதில் பெரும்பகுதி சீலைப் பற்றியதல்ல, சீலுக்குப் போகும் வாயுவைச் சுத்தமாக வைப்பதைப் பற்றியது. டிசைன் காலத்தில் போட்ட டியூ பாயிண்ட் கணக்கை வைத்துக்கொண்டு, வாயுவின் கலவை மாறிய பிறகும் ஓட்டுகிற ஆலைகள் உண்டு. கலவை மாறினால் அந்தக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரி, எந்திரம் அழுத்தத்தோடு சும்மா நிற்பது. ஓடும்போது டிஸ்சார்ஜுக்கும் சீலுக்கும் அழுத்த வேறுபாடு இருக்கும். ஃபில்டர் வழியே சுத்தமான வாயு தானாக ஓடும். டிரிப் ஆகிக் கேசிங் முழுவதும் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிட்டால் அந்த ஓட்டம் நின்றுபோகும். சுத்திகரிக்கப்படாத வாயு கேசிங்குக்குள்ளிருந்தே சீல் முகத்துக்கு வரும். பூஸ்டர் இருந்தால் ஓட்டுங்கள். வெளியிலிருந்து சுத்தமான வாயு கிடைத்தால் அதைக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் நிற்கும் நேரத்தைக் குறைத்து அழுத்தத்தை இறக்குங்கள்.

மூன்றாவது எதிரி நம் ஆட்கள்தான். உலர் வாயு சீல் பெரும்பாலும் ஒரே திசைக்கானது. பின்னோக்கிச் சுற்றினால் பள்ளங்கள் வாயுவை வெளியேற்றும், முகங்கள் ஒட்டி உராயும். டிஸ்சார்ஜ் செக் வால்வு பிடிக்காமல் விட்டால், நிற்கும்போது எந்திரம் பின்னோக்கிச் சுற்றும். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் சுற்றவிடுவதும் அதே கேடு. முகங்கள் மிதக்கப் போதிய வேகம் வேண்டும். ஸ்டார்ட் வரிசையையும் மாற்றிவிடக் கூடாது: முதலில் பேரிங் பக்கத்து நைட்ரஜன், அதற்குப் பிறகு லூப் ஆயில் பம்ப், சீல் வாயு வந்த பிறகே கேசிங்கில் அழுத்தம். நிறுத்தும்போது தலைகீழ், லூப் ஆயில் பம்ப்பை நிறுத்தி, எண்ணெய் முழுக்க வடிந்த பிறகும் சற்று நேரம் நைட்ரஜன் இருக்கட்டும். ஷட்டவுனில் நைட்ரஜன் செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் அதை மூடும் கெட்டிக்காரர் எல்லா ஆலையிலும் ஒருவர் இருப்பார்.

மில்லுக்காரர்கள் இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஏர் கம்ப்ரசரில் இம்பெல்லருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு இருக்கும். நடுவே சீல் ஏர் போகும். லூப் பம்ப்பை ஓட்டும் முன் சீல் ஏர் வந்தாக வேண்டும். அதற்கான இன்டர்லாக்கை ஒயர் போட்டு பைபாஸ் செய்தால், எண்ணெய் இல்லாத காற்று என்று சொல்லி வாங்கிய எந்திரம் தறிக்கு எண்ணெயைத் தரத் தொடங்கும். எண்ணெய் மட்டம் காரணம் தெரியாமல் இறங்கினால் முதலில் சீல் ஏர் ரெகுலேட்டரையும் கியர்பாக்ஸ் வென்ட் ஃபில்டரையும் பாருங்கள்.

தொழிற்சாலைச் சோதனை

புதிய எந்திரம் வாங்கும்போது உங்களை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பலாம். ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்தில் உள்ள பெல் ஆலைக்கோ வெளிநாட்டுக்கோ. போகிறவர் இந்த எந்திரங்களுக்கான ஏபிஐ 617 தரநிலையைப் புரட்டிவிட்டுப் போக வேண்டும். கேசிங்குக்கு அனுமதித்த அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் தண்ணீர்ச் சோதனை, அரை மணி நேரம். ஒவ்வொரு இம்பெல்லரையும் உச்சத் தொடர் வேகத்தின் 115 சதவீதத்தில் ஒரு நிமிடம் சுற்றி, பிறகு அளவும் விரிசலும் பார்ப்பது. ஹைட்ரஜன் மிகுந்த வாயு என்றால் ஹீலியத்தை வைத்துக் கசிவுச் சோதனை. இவற்றில் நீங்கள் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கூடவே நின்று பார்த்தால் போதும்.

மெக்கானிக்கல் ஓட்டச் சோதனையில் கண்ணைத் திறந்திருங்கள். உச்சத் தொடர் வேகத்தில் நான்கு மணி நேரம். ஷாஃப்ட் அதிர்வுக்கு வரம்பு 25.4 மைக்ரான், 12,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும் எந்திரத்துக்கு வரம்பு இன்னும் இறங்கும், 20,000-இல் ஏறத்தாழ 19.7. எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு மணி நேரத்தில் அது நிலையாக நின்றதா, மெல்ல ஏறியதா என்று கேளுங்கள். 12-இல் தொடங்கி 20-இல் முடிந்த எந்திரமும் பாஸ்தான். ஆனால் சூடு ஏற ஏற எங்கேயோ ரோட்டர் வளைகிறது அல்லது சீல் உராய்கிறது. ஓட்டம் முடிந்ததும் சீலைப் பிரித்துக் காட்டச் சொல்ல ஒப்பந்தத்தில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உராய்வு அங்கேதான் தெரியும், கப்பலேறி இங்கே வந்த பிறகு அல்ல.

செயல்திறன் சோதனைக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது ஏஎஸ்எம்இ-யின் பிடிசி 10. அதில் இரண்டு வகை. முதல் வகையில் உங்கள் வாயுவிலேயே, உங்கள் நிலைமைக்கு மிக அருகில் ஓட்டுவது. சின்காஸையோ புரொப்பேனையோ தொழிற்சாலையின் நடுவே வைத்து ஓட்டுவது கடினம். ஆகவே இரண்டாம் வகை, மாற்று வாயுவில். சின்காஸில் மூன்று பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு நைட்ரஜன். மூலக்கூறு எடை 8.5-க்குப் பக்கம். அதற்கு ஹீலியமும் நைட்ரஜனும் கலந்த வாயுவைத் தேர்ந்தெடுப்பார்கள். வாயு மாறினாலும் இம்பெல்லருக்குள் ஓட்டத்தின் உருவம் மாறக் கூடாது என்பதுதான் விதி: உள்ளே நுழையும் கனஅளவுக்கும் வெளியேறும் கனஅளவுக்கும் உள்ள விகிதம் டிசைனிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, ஃப்ளோ கோஎஃபிஷியன்ட் 4 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, மாக் எண்ணுக்கும் ரெனால்ட்ஸ் எண்ணுக்கும் தனி எல்லைகள். அதற்கேற்பச் சோதனை வேகத்தைக் கணக்குப் போட்டுத் தீர்மானிப்பார்கள். சோதனை வேகமும் உங்கள் ஆலை வேகமும் ஒன்றாக இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோதனையில் எந்த சீல் போட்டிருந்தார்கள்? பேலன்ஸ் பிஸ்டன் இடைவெளி எவ்வளவு இருந்தது? சோதனைக்காக நெருக்கமாக வைத்துவிட்டு, அனுப்பும்போது வரைபட உச்ச அளவில் அனுப்பினால், சான்றிதழில் உள்ள செயல்திறன் உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. சோதனைக்கு முன் எடுத்த இடைவெளி அட்டவணையும் வளைகோடும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும். வளைகோட்டில் குறைந்தது ஐந்து புள்ளி, சர்ஜும் ஓவர்லோடும் உட்பட.

ஆலையில் செயல்திறன்

ஏர் கம்ப்ரசர் ஷிஃப்டில் அடிக்கடி காதில் விழுகிற உரையாடல் ஒன்று.

“அண்ணே, மோட்டார் ஆம்ப்ஸ் போன மாசத்தைவிடக் கொறஞ்சிருக்கு. நல்லதுதானே?”

“காத்தும் கொறஞ்சிருக்கும்டா தம்பி. மீட்டரப் பாத்தியா?”

அண்ணன் சொன்னதுதான் சரி. ஃபில்டர் அடைத்தாலோ, வெயில் ஏறினாலோ, இம்பெல்லரில் அழுக்குப் படிந்தாலோ உள்ளே போகும் காற்றின் எடை குறையும். ஆம்ப்ஸும் கூடவே குறையும். கிலோவாட்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்றுக்கு எத்தனை கிலோவாட் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃப்ளோ மீட்டர் இல்லாத இடத்திலும் ஒவ்வொரு ஸ்டேஜின் உடல்நிலையைச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே, வெளியே இரண்டு அழுத்தம், இரண்டு வெப்பநிலை. நான்கும் முழு அளவில், அதாவது அழுத்தத்தில் காற்றுமண்டல அழுத்தத்தையும் வெப்பநிலையில் 273-ஐயும் கூட்டிக்கொண்டு. அழுத்த விகிதத்தின் லாக்கை வெப்பநிலை விகிதத்தின் லாக்கால் வகுத்து, காற்றுக்கு 0.286-ஆல் பெருக்கினால் பாலிட்ரோபிக் செயல்திறன். ஒரு ஸ்டேஜ் 35 டிகிரி காற்றை வாங்கி 2.2 மடங்கு அழுத்தி 135 டிகிரியில் தருகிறது என்றால் விடை 80 சதவீதம். அதே விகிதத்தில் 145 டிகிரி வந்தால் விடை 74-க்கு இறங்கிவிடும். பத்து டிகிரி ஏறினால் ஆறு சதவீதம் போயிற்று. எந்த அலாரமும் அடிக்காது, ஏனென்றால் டிஸ்சார்ஜ் வெப்பநிலை அலாரத்தை இன்னும் மேலே வைத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கு வெப்பமானியை நம்பி நிற்கிறது. எரிவாயுக் குழாய்ப் பாதையில் ஓடும் பூஸ்டர் போன்று அழுத்த விகிதம் 1.3 மட்டுமே உள்ள எந்திரத்தில் மொத்த வெப்ப ஏற்றமே 25 டிகிரிக்குள்தான். அங்கே ஒரு டிகிரி பிழை, செயல்திறனில் நான்கு சதவீதப் பிழை. தெர்மோவெல்லில் எண்ணெய் வற்றியிருந்தால் அந்த ஒரு டிகிரி வெகு எளிதில் வந்துவிடும். சோதனைக் கூடத்தில் ஒவ்வொரு முனையிலும் நான்கு வெப்பமானி வைப்பார்கள். ஆலையில் ஒன்றுதான் இருக்கும், அதையாவது வருடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். வாயு எந்திரம் என்றால் அன்றைய வாயு மாதிரியும் வேண்டும். டிசைன் மூலக்கூறு எடையை வைத்து ஃப்ளோ மீட்டர் காட்டும் எண், வாயு மாறிய நாளில் பொய்.

மதுரை வெயில் தனிக் கணக்கு. மார்கழியில் 24 டிகிரியில் உள்ளே போன காற்று, சித்திரையில் 40 டிகிரியில் போகும்போது அதே கனஅளவில் 5 சதவீதம் எடை குறைவு. அது பாதிக் கதை. நிலை வேகத்தில் ஓடும் இம்பெல்லர் தருவது ஹெட். காற்று சூடானால் அதே ஹெட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம் குறையும். எட்டு பார் வரை ஏறும் எந்திரம் ஏழரையிலேயே திணறும். மில்லில் ஏழு பார் வேண்டும் என்றால் சர்ஜுக்கும் உங்களுக்கும் நடுவே இருந்த இடம் பாதியாகச் சுருங்கியிருக்கும். வருடத்தில் சர்ஜ் ஆகும் நாட்களைக் குறித்துப் பாருங்கள், பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி, கோடையில் இருக்கும். ஆடிக் காற்றில் புழுதியும் மில்லின் பஞ்சும் சேர்ந்து சக்ஷன் ஃபில்டரை அடைத்தால் அதே விளைவு. ஃபில்டரில் 25 மில்லிபார் விழுந்தால் காற்றில் இரண்டரை சதவீதம் போயிற்று.

இன்டர்கூலர் இன்னொரு பக்கம். போர்வெல் உப்புத் தண்ணீரைக் கூலிங் டவரில் சுழற்றினால் டியூப்பில் காரை படியும். ஒரு ஸ்டேஜுக்குள் நுழையும் காற்று 3 டிகிரி சூடானால் அந்த ஸ்டேஜுக்குப் பவர் ஒரு சதவீதம் கூடும். தண்ணீர் உள்ளே போகும் வெப்பநிலையையும் காற்று வெளிவரும் வெப்பநிலையையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் மாதாமாதம் கூடினால் டிஸ்கேலிங் நேரம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இன்டர்கூலர் டிரெய்ன் டிராப்பைக் கையால் திறந்து பாருங்கள். அடைத்திருந்தால் தேங்கிய தண்ணீர் துளித்துளியாக அடுத்த இம்பெல்லரின் முன்விளிம்பை அரித்துவிடும்.

சர்ஜ் என்பது சத்தம் மட்டுமல்ல. அந்த நொடியில் வாயு பின்னோக்கிப் பாய்கிறது, ரோட்டர் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது, லேபிரிந்த் நுனிகள் உராய்கின்றன. நான்கு தடவை சர்ஜ் ஆன எந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய வளைகோட்டில் அல்ல. ஆகவே ஒவ்வொரு சர்ஜையும் நேரத்தோடு எழுதி, அதன் பிறகு பேலன்ஸ் குழாய் அளவைப் பாருங்கள்.

இப்போது தூத்துக்குடிக் கேள்விக்கு வருவோம். நாப்தாவிலிருந்து மீத்தேனுக்கு மாறினால் சின்காஸ் கம்ப்ரசருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. எதிலிருந்து வந்தாலும் கன்வெர்ட்டருக்கு மூன்றுக்கு ஒன்று என்ற கலவைதான் போக வேண்டும். மாறுவது கார்பன் டை ஆக்சைடு. மீத்தேனில் ஒரு ஹைட்ரஜனுக்கு உள்ள கார்பன் நாப்தாவைவிடக் குறைவு. அதே அளவு அமோனியாவுக்குக் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடும் குறைவு. யூரியாவுக்குப் போகும் அந்த கம்ப்ரசர் குறைந்த ஓட்டத்தில், சர்ஜ் கோட்டுக்கு அருகில் ஓட வேண்டிவரும். இப்படி மாறிய எந்த ஆலையிலும் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்த எந்திரத்தின் ஆன்டி சர்ஜ் வால்வு: ரீசைக்கிள் திறந்தபடியே ஓடினால், அமுக்கியதைத் திரும்ப அமுக்குவதற்கே பவர் போகும்.

புது ஆலையைத் தொடங்கும்போது சின்காஸ் கம்ப்ரசரை நைட்ரஜனில் ஓட்டுவது வழக்கம். நைட்ரஜனின் மூலக்கூறு எடை 28, மூன்று மடங்குக்கும் மேல். முழு வேகத்தில் ஓட்டினால் அழுத்த விகிதமும் வெப்பமும் டர்பைன் பவரும் எகிறிவிடும். சக்ஷன் அழுத்தத்தையும் வேகத்தையும் குறைத்து, டிஸ்சார்ஜ் வெப்பநிலையில் கண் வைத்தே ஓட்டுங்கள்.

ஸ்பேர் ரோட்டரையும் உலர் வாயு சீல் காட்ரிட்ஜையும் ஸ்டோரில் வாங்கி வைக்கும்போது, காட்ரிட்ஜின் நிலைச் சோதனை, சுழல் சோதனை இரண்டின் அறிக்கையும் பெட்டியோடு இருக்க வேண்டும். ரப்பர் ஓ-ரிங்குகளுக்கு வயது உண்டு. தயாரித்த தேதியைப் பெட்டியின் வெளியே பெரிதாக எழுதுங்கள். டிரைவ் முனைக்கும் மறுமுனைக்கும் ஒரே திசைப் பள்ளம் பொருந்தாது. பெட்டியைத் திறந்ததும் அம்புக்குறியை எந்திரத்தின் சுழற்சித் திசையோடு இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும்.